எழுந்தவர்களை எண்ணுகிறவர்

மொரப்பூர் ரயில் நிலையத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டைப் பணியாள் இரும்புக் கழியால் தட்டியபோது, பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் ஜோலார்பேட்டைத் திசையைப் பார்த்தார்கள். அப்துல் ஷுக்கூர் பெஞ்சுகளைப் பார்த்தார். உதடுகள் ஓசையின்றி அசைந்தன. வண்டி வந்து நின்ற பிறகுதான் என் பக்கம் திரும்பினார்.

"இருபத்திரண்டு பேரு உக்காந்திருந்தாங்க. இருபது பேரு எந்திரிச்சிட்டாங்க. ஒருத்தரு தூங்குறாரு, ஒரு அம்மா கொழந்தைக்குப் பால் குடுக்குது. நல்ல மணிங்க இது."

எங்கே எந்த மணி அடித்தாலும் அவர் கேட்கும் கேள்வி ஒன்றே: "யாரு எந்திரிச்சாங்க?" பள்ளிக்கூட மணி, பேருந்து நடத்துநரின் விசில், சினிமாக் கொட்டகையில் படம் தொடங்குமுன் ஒலிக்கும் மின்மணி எல்லாவற்றையும் அவர் இந்த ஒரே அளவுகோலால் அளக்கிறார். தொப்பூர்க் கணவாயில் ஒருமுறை அவருடன் பேருந்தில் இறங்கிவந்தேன். ஓட்டுநர் ஒவ்வொரு வளைவிலும் ஒலிப்பானை விடாமல் அழுத்தினார். பயணிகளில் பாதிப்பேர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். ஷுக்கூர் மட்டும் முகம் சுளித்தார். "எல்லா வளைவுலயும் ஒரே மாதிரி அடிக்கிறான். எந்த வளைவுல லாரி வருதுன்னு எதிர்ல இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்?"

ஒருநாள் ஆலை வாயிலில் டீக்கடை வைத்திருக்கும் ராமக்காள், "ஏன் பாய், பாங்கு சொன்னா எத்தன பேரு எந்திரிக்கிறாங்க, அதையும் எண்ணுவீங்களா?" என்று சீண்டினாள். அவர் தேநீரை ஆற்றியபடியே, "அதை எண்ணுறவரு வேறம்மா" என்றார்.

வயது ஐம்பதைத் தொடுகிறது. ஒல்லியான உடல். முழுக்கைச் சட்டையின் பொத்தான்களை மணிக்கட்டுவரை போட்டிருப்பார். மின்கம்பி அருகில் தொங்கும் துணி கூடாது என்பது அவர் விதி. பணி நேரத்தில் கைக்கடிகாரம் அணிவதில்லை. சட்டைப் பையில் சோதனை விளக்கு ஒன்றும், நான்காக மடித்த தாள் ஒன்றும், பல் குத்தும் குச்சியளவு மெல்லிய திருப்புளி ஒன்றும் இருக்கும். தருமபுரியில் அவர் தகப்பனார் தகர விளக்குகள் செய்து விற்றவர். பற்றவைக்கும் வேலையை அங்கே கற்றுக்கொண்டு, வெளிமாவட்டத்துச் சர்க்கரை ஆலை ஒன்றில் அளவுகருவிகளுக்கு உதவியாளாக ஒன்பது ஆண்டு இருந்துவிட்டு, 1966ஆம் ஆண்டு எங்கள் ஆலைக்கு வந்தார். துணி ஆலைகளுக்கு வேண்டிய கஞ்சிமாவை மரவள்ளிக் கிழங்கிலிருந்து எடுக்கும் ஆலை அது. நான் அங்கே நேர அலுவலகத்தில் எழுத்தராக இருந்து 1973இல் ஓய்வு பெற்றேன். அவர் இன்னும் பணியில் இருக்கிறார்.

வீட்டிலும் இதே கணக்குதான். மனைவி ஜுபைதா அவரைச் சாப்பிட ஒருமுறைதான் அழைப்பார். "ரெண்டாந்தடவை கூப்பிட்டா மனுசன் மூணாவதுக்குக் காத்திருப்பாரு. நான் கூப்பிடறது ஒரு தடவை, சோறு இருக்கறதும் ஒரு தடவை" என்று அந்த அம்மையார் ஒருமுறை என்னிடம் சொன்னார். ஷுக்கூர் இதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. தம் தொழிலின் அடிப்படை விதியை வேறொருவர் சரியாகச் சொல்லிவிட்டதுபோல் தலையசைத்தார்.

அவருடைய இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்ல 1969ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

எங்கள் கொதிகலன் அறையில் பம்பாயிலிருந்து வந்த இரும்புப் பலகை ஒன்று இருந்தது. அதில் இருபத்தொரு சிவப்பு விளக்குகள். அவற்றுக்குப் பொதுவாக ஒரே மணி. ஆலையின் எந்த மூலையில் எது அளவு மீறினாலும் உரிய விளக்கு எரியும், மணி அடிக்கும். கறுப்புப் பொத்தானை அழுத்தினால் மணி ஓயும். கோளாறு தீரும்வரை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். கொதிகலனில் நீர் தாழ்ந்தாலும் அதே மணிதான், மாவு அறைக் கதவை யாராவது திறந்து வைத்தாலும் அதே மணிதான். பலகையைப் பொருத்தியவர் ஷுக்கூர்.

கொதிகலனைக் கவனிக்கும் ஆட்கள், எட்டு மணி நேர முறை மூன்றுக்கு மூவர்: மாது, நஞ்சப்பன், மாயவன். அவர்களுக்காகப் பலகைக்கு ஐந்தடி தள்ளி ஒரு மர ஸ்டூல் போடப்பட்டிருந்தது. மாதுவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது இருக்கும். அரூர்ப் பக்கத்தில் நாலு ஏக்கர் மானாவாரி நிலம். இரண்டு ஆண்டாக மழை இல்லை. ஆலை வேலைதான் குடும்பத்துக்குக் கஞ்சி ஊற்றியது. அவன் ஐந்தரையடி நீளத்தில் ஒரு மூங்கில் குச்சியை வெட்டி, பொத்தான் தேயாதிருக்க அதன் நுனியில் துணி சுற்றி வைத்திருந்தான். மணி அடித்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே குச்சியை நீட்டிப் பொத்தானை அழுத்துவான். மற்ற இருவரும் இந்த ஏற்பாட்டை மனமார ஏற்றுக்கொண்டார்கள். முறை மாறும்போது சாவி, பதிவேடு, குச்சி மூன்றையும் ஒப்படைப்பது வழக்கமாயிற்று. "குச்சிய வாங்கிக்கிட்டியா?" என்று கேட்ட பிறகே முதல் ஆள் வீட்டுக்குப் போவான். இதைப் பார்த்த நாங்கள் எவரும் தவறாக நினைக்கவில்லை. அந்த மணி ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தது. அதை நிறுத்துகிறவன் எங்களுக்கு நன்மை செய்கிறவனாகவே தோன்றினான்.

அவ்வாண்டு ஏப்ரல் மாதத்தில் ஒருநாள், மதியம் இரண்டு மணிக்கு நஞ்சப்பன் முறை மாற்ற வந்தார். வயதில் மூத்தவர், குச்சியை வாங்குமுன் கொதிகலனின் நீர்மட்டக் கண்ணாடிக் குழாயை ஒருமுறை பார்ப்பது அவர் பழக்கம். குழாயில் நீர் இல்லை. நீரேற்றும் பம்பு காற்றை இழுத்துச் சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. மணி உரிய நேரத்தில் அடித்திருக்கிறது; மாதுவும் உரிய நேரத்தில் குச்சியை நீட்டியிருக்கிறான். காய்ந்த கொதிகலனில் அப்போது குளிர்ந்த நீரை விட்டிருந்தால் அறையோடு வெடித்திருக்கும். நஞ்சப்பன் நீரைத் தொடவில்லை. அடுப்புக் கதவைத் திறந்து எரிகிற கட்டைகளைக் கொக்கியால் வெளியே இழுத்துத் தள்ளினார். அவருடைய வலக்கை முழங்கைவரை வெந்துபோயிற்று. உயிர்ச்சேதம் இல்லை.

மேலாளர் தீர்த்தகிரி கண்டிப்பானவர், கெட்டவர் அல்லர். குச்சியைத் தம் மேசைமேல் வைத்துக்கொண்டு மாதுவை அழைத்தார். மறுநாள் முதல் வாயிலுக்குள் வரக் கூடாது என்றார். சேலத்திலிருந்து இதைவிடப் பெரிய மணி ஒன்று வாங்கவும் உத்தரவிட்டார். மாது கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றான். அப்போது ஷுக்கூர் உள்ளே வந்தார். வருகைப் பதிவேட்டுடன் நானும் அங்கே நின்றிருந்தேன்.

"குச்சிய வெட்டினது இவன்தாங்க. வெட்ட வெச்சது நான் மாட்டுன மணிங்க" என்றார்.

"என்ன பாய் சொல்றீரு? மணி அடிச்சா எந்திரிச்சுப் பாக்கறதுக்குத்தானே ஆளு?"

"ஒரு நாளைக்கு எத்தன தடவை அடிக்குதுன்னு நினைக்கிறீங்க?"

"இருவது இருக்கும். முப்பதே வெச்சுக்குங்க."

"மூணு நாளு குடுங்க. எண்ணிட்டு வந்து சொல்றேன். அதுவரைக்கும் பெரிய மணி வேணாங்க."

மறுநாள் காலை பலகையின் கீழே இருபத்தொரு பால் டின்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் விளக்கின் எண் சுண்ணாம்பால் எழுதப்பட்டிருந்தது. அருகில் இரண்டு துணிப்பைகள்: ஒன்றில் புளியங்கொட்டை, மற்றதில் குன்றிமணி. மணி அடித்தால் எந்த விளக்கு எரிகிறதோ அந்த டின்னில் ஒரு கொட்டை. அடித்ததற்கு யாராவது எழுந்துபோய் ஏதேனும் செய்ய வேண்டியிருந்தால் குன்றிமணி. வெறுமே பொத்தானை அழுத்தினால் போதும் என்றால் புளியங்கொட்டை. மாது வராததால் அவன் முறையை ஷுக்கூரே பார்த்தார். மற்ற முறைகளில் நஞ்சப்பன் கட்டுப்போட்ட கையோடும், மாயவன் அலுத்துக்கொண்டும் போட்டார்கள். "கொட்டை போட்டே என் கை தேஞ்சுபோச்சு பாய். இதுக்கு ஒரு குச்சி செஞ்சு குடுங்க" என்றான் மாயவன்.

மூன்றாம் நாள் முடிவில் அனைத்தையும் ஒரே சாக்கில் கொட்டி, மேலாளர் அறைக்குத் தூக்கிவந்து, அவர் மேசைமேல் கவிழ்த்தார்.

"என்னய்யா இது, மேசையெல்லாம் புளியங்கொட்டை?"

"எண்ண வேணாங்க, நான் எண்ணிட்டேன். கொட்டை தொள்ளாயிரத்து நாப்பத்தொண்ணு. செவப்பு ஒம்பது. நீங்க அந்தச் செவப்பை மட்டும் பொறுக்குங்க."

தீர்த்தகிரி முதலில் முறைத்தார். பிறகு கண்ணாடியை அணிந்துகொண்டு பொறுக்கத் தொடங்கினார். கொட்டைகள் உருண்டு தரையில் விழுந்தன. சில நிமிடங்களில் ஏழு குன்றிமணிகள் அவர் உள்ளங்கையில் இருந்தன. மேலும் கிளறினார். அகப்படவில்லை.

"ஏழுதான் இருக்கு."

"ஒம்பதுங்க. பாக்கி ரெண்டுல ஒண்ணுதாங்க பாய்லர் தண்ணி." ஷுக்கூரின் குரல் உயரவில்லை. "நீங்க நாற்காலியில உக்காந்து, கண்ணாடி போட்டு, செவப்புன்னு தெரிஞ்சுகிட்டுத் தேடுறீங்க. அவன் அனல்ல எட்டு மணி நேரம் தேடுனாங்க. அந்தச் சத்தத்துக்கெல்லாம் அவன் எந்திரிச்சு எந்திரிச்சு உக்காந்திருந்தா பாய்லர் ஓட்டியிருக்க முடியாது, தோப்புக்கரணந்தான் போட்டிருக்கணும்."

மேலாளர் கையிலிருந்த ஏழையும் மேசைமேல் வைத்தார். பிறகு தீர்த்தகிரி தம் முடிவைச் சொன்னார். ஷுக்கூர் முப்பது நாளில் பலகையைத் தம் விருப்பப்படி சீர்திருத்தலாம். மாது வேலைக்கு வரலாம். அந்த முப்பது நாளில் ஒரு மணியையாவது எவனாவது எழுந்திராமல் நிறுத்தினால் மாது மட்டுமன்றி ஷுக்கூரும் வெளியேற வேண்டும். முடிவில் ஒரு நிபந்தனையும் சேர்த்தார்: "மொதல்ல அந்த ஸ்டூலைத் தூக்கிக் கடாசுங்க. நின்னுகிட்டே பாக்கட்டும்."

அதுவரை எல்லாவற்றுக்கும் தலையசைத்த ஷுக்கூர் இதற்கு மட்டும் இணங்கவில்லை. "ஸ்டூலு இருக்கணுங்க. நின்னுகிட்டே இருக்கறவன் மணி கேட்டானா இல்லையான்னு நமக்குத் தெரியாது. உக்காந்திருக்கறவன் எந்திரிச்சாத்தான் அது மணி."

மே மாதம் ஐந்தாம் நாள் வேலை தொடங்கியது. கம்பிகளைத் தொடுமுன் ஆட்களைத்தான் தொட்டார். ஒவ்வொரு விளக்காகக் காட்டி மூவரையும் தனித்தனியே கேட்டார்: "இது அடிச்சா நீ என்னப்பா செய்வே?"

"பாப்பேன் பாய்" என்றால், "பாக்கறதுக்கு விளக்கு போதும்" என்று அந்த எண்ணுக்குரிய மணிக்கம்பியைக் கழற்றிவிடுவார். விளக்கு மட்டும் எரியும்.

"உங்களைக் கூப்பிடுவேன்" என்றான் மாது ஓர் எண்ணுக்கு.

"அப்ப அது என் வூட்டுல அடிக்கணும். இங்க எதுக்கு?" அதையும் கழற்றினார்.

மாவு உலர்த்தும் கூடத்தில் சூடு குறைந்தால் அடிக்கும் மணி, உலர்த்தியைக் கழுவுவதற்காக நிறுத்திய நேரம் முழுவதும் அடித்துக்கொண்டிருந்தது. அதன் கம்பியை உலர்த்தி மோட்டாரின் சுவிட்சு வழியாகத் திருப்பிவிட்டார். மோட்டார் ஓடாவிட்டால் மணிக்கும் ஓய்வு. கொதிகலன் நீர்மட்டத்தின் மிதவைதான் பெருந்தொல்லை. பம்பு ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் நீர் அலைந்து, மிதவை தாழ்ந்து எழுந்து, அதற்குள் நான்கைந்து முறை மணி அடித்துவிடும். அலை ஐந்து விநாடியில் அடங்குகிறது என்று அளந்துகொண்டார். சைக்கிள் பம்பின் உருளையில் விளக்கெண்ணெய் நிரப்பி, மெதுவாக இறங்கும் தண்டு ஒன்றை அதில் பொருத்தினார். நீர் தொடர்ந்து எட்டு விநாடி தாழ்ந்திருந்தால் மட்டுமே தண்டு அடிதொட்டு மணியை அடிக்கும். அந்த எட்டு விநாடிக்காக மூன்று நாள் எண்ணெயை ஊற்றியும் வடித்தும் கொண்டிருந்தார்.

இருபத்தொன்றில் மணியோடு எஞ்சியவை ஆறு. அவற்றை அவர் பதிவேட்டில் எழுதி முடித்த மறுநாள் நஞ்சப்பன் வந்து நின்றார்.

"பாய், பதினாலாம் நம்பர எதுக்கு எடுத்தீங்க?"

"பாய்லருக்குப் போற தொட்டியில தண்ணி கொறைஞ்சா அது அடிக்கும். தொட்டி கொறைஞ்சா எப்படியும் பாய்லர் தண்ணி மணி அடிக்கப் போவுது. ஒரே சேதிக்கு எதுக்கு ரெண்டு மணி?"

"ஒரே சேதி இல்லீங்க. தொட்டி மணி அடிச்சா நான் கெணத்து மோட்டாரைப் போடப் போவேன். பத்து நிமிசம் கெடைக்கும். பாய்லர் மணி அடிக்கறப்ப அந்தப் பத்து நிமிசம் போயிருக்கும்." வெந்த கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

ஷுக்கூருக்குப் பிடிவாதம் உண்டு. தம் கணக்கைப் பிறர் திருத்துவதை எளிதில் ஏற்கமாட்டார். அன்றும் முகம் கறுத்துத் திரும்பிப் போய்விட்டார். அன்று மாலையே பதிவேட்டில், "பதினான்காம் எண் மணியை நான் தவறாக எடுத்தேன். நஞ்சப்பன் சொல்லித் திரும்ப வைத்தேன்" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார். ஆக, ஏழு.

கொதிகலன் அறை அமைதியாயிற்று. அந்த அமைதி எங்களை அச்சுறுத்தியது. ராமக்காள் வாயிலுக்கு வந்து, "மில்லு ஓடுதா, மூடிட்டாங்களா?" என்று விசாரித்தாள். தீர்த்தகிரி மணிக்கொருமுறை அறையைவிட்டு வெளியே வந்து, "மணி செத்துப்போச்சாய்யா?" என்று கேட்டார். ஷுக்கூர் ஒவ்வொரு முறை மாற்றத்தின்போதும், எல்லாரும் நின்றுகொண்டிருக்கும் அந்த நேரத்தில் மட்டும், இரண்டு விநாடி மணியை அடித்துக் காட்டுவார். உட்கார்ந்திருக்கும் ஆளைச் சோதனைக்காக எழுப்பக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

நாளொன்றுக்கு மூன்று அல்லது நான்கு முறை மணி அடித்தது. ஒவ்வொன்றுக்கும் எதிரே எண்ணும் நேரமும் எழுதி, "எழுந்தான்" என்று குறித்தார்கள். மேலாளருக்கு அது போதவில்லை. "எந்திரிச்சேன்னு அவனே எழுதிக்கிறான். நான் கண்ணால பாக்கணும்" என்றார். மாதுவின் முறையில் வந்து வாசலில் நிற்பார். அவர் நிற்கும் நேரத்தில் மணி அடிக்காது. மாதுவோ அவரைக் கண்டால் விறைத்துப்போய் ஸ்டூலின் விளிம்பில் உட்கார்ந்திருப்பான். உணவு வேளையிலும் சாப்பாட்டுப் போசியைத் திறப்பதில்லை. ஷுக்கூர் அவனைத் தனியே அழைத்து, "சாப்புட்டுகிட்டே இரு. பட்டினியா உக்காந்திருக்கறவன் எதுக்கு வேணாலும் எந்திரிப்பான், அது கணக்குல சேராது" என்றாராம்.

இருபத்து மூன்றாம் நாள், மே மாதம் இருபத்தேழாம் தேதி, முற்பகல் பதினொன்றரை மணி. மாது போசியைத் தொடைமேல் வைத்துக்கொண்டு களியைக் கீரைக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தான். வாசலில் தீர்த்தகிரி கையில் அந்த மூங்கில் குச்சியுடன் நின்றிருந்தார். சில நாள்களாக அதை அவர் நடைக்கோல்போல் எடுத்துவந்துகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஷுக்கூரும், வருகைப் பதிவேட்டுடன் நானும்.

மணி அடித்தது.

தீர்த்தகிரி மணியைப் பார்த்தார். நான் விளக்குகளைப் பார்த்தேன். பதினான்காம் எண் எரிந்தது. ஷுக்கூர் ஸ்டூலைப் பார்த்தார். அது தரையில் சாய்ந்து கிடந்தது. போசி தரையில் இருந்தது. மாது களிக் கை படாமல் முழங்கையால் பொத்தானை அழுத்திவிட்டு, நாங்கள் நிற்பதையும் கவனியாமல் எங்களை இடித்துக்கொண்டு கிணற்றை நோக்கி ஓடிக்கொண்டிருந்தான். கிணற்று மோட்டார் நின்றுபோயிருந்தது. அவன் அதை மீண்டும் ஓடவிட்டு, தொட்டியில் நீர் விழும் ஓசை எங்களுக்குக் கேட்டபோது, கொதிகலனின் கண்ணாடிக் குழாயில் நீர் பாதிக்குமேல் நின்றிருந்தது. தீர்த்தகிரி அதை அருகில் போய்ப் பார்த்தார். விரலால் அளந்தும் பார்த்தார். பிறகு அடுப்புக் கதவை அவரே திறந்து, குச்சியை உள்ளே போட்டுவிட்டுத் தம் அறைக்குப் போனார்.

ஷுக்கூர் மணியின் பக்கம் திரும்பவே இல்லை. குனிந்து ஸ்டூலை நிமிர்த்தி, அது முன்பு இருந்த இடத்திலேயே வைத்தார். போசியை எடுத்து அதன்மேல் வைத்து, தரையில் உருண்டு கிடந்த மூடியைத் தம் சட்டை நுனியால் துடைத்து, ஈ மொய்க்காதபடி களியை மூடினார்.